டிரையர் அறையில் காய்ந்த தாள்

பிரிண்டர் தாளை இழுக்கவில்லை என்றால் முதலில் என்ன செய்வாய் என்று யாராவது கேட்டால், ஓங்கி ஒரு தட்டு தட்டுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்த ஆள் நான். பக்கவாட்டில், உள்ளங்கையால், கொஞ்சம் கோபத்தோடு. அதில் பாதி நேரம் வேலையும் நடந்துவிடும். மீதிப் பாதி நேரத்துக்கு என்னிடம் வேறு வைத்தியங்கள் இருந்தன. இந்தத் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் இருபத்தாறு வருடமாகக் கிராணியாக இருக்கிறேன். என் வேலைக்குக் கடிதத் தலைப்பில் நீளமான ஒரு பெயர் போட்டிருக்கிறார்கள். ஆனால் வெள்ளைக்காரன் காலத்தில் கிளார்க்கைக் கிராணி என்று கூப்பிட்டது போலவேதான் எல்லாரும் இன்றும் கூப்பிடுகிறார்கள். மேனேஜரும் இன்றுவரை துரைதான். இப்போதைய துரை கோலாலம்பூரில் பிறந்து வளர்ந்த தமிழர், முப்பத்தைந்து வயதுகூட இருக்காது.

அந்த லேசர் பிரிண்டர் எங்களுக்காக வாங்கியதில்லை. தலைமை ஆபீசில் புதியது வாங்கியபோது பழையதைக் கழித்துக்கட்ட மனம் வராமல் மலைக்கு ஏற்றி அனுப்பினார்கள். இரண்டு பேர் தூக்க வேண்டிய சாம்பல் நிறப் பெட்டி. அந்த மாடலை நிறுத்திப் பல வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் எங்கள் தோட்டத்தில் யார் வேலைக்குச் சேர்ந்தாலும், விலகினாலும், லீவு போட்டாலும், வேலை உறுதிக் கடிதம் கேட்டாலும், அது இந்தப் பெட்டியின் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

அதற்கு மூன்று வியாதிகள். முதலாவது, தாளை இழுக்கவே இழுக்காது. உள்ளே ரப்பர் உருளை சும்மா சுற்றும், கர் கர் என்று மூன்று முறை இருமும், பிறகு சிவப்பு விளக்கு எரியும். இரண்டாவது, ஒன்றைக் கேட்டால் மூன்றை இழுக்கும். மூன்றாவதுதான் மோசம். பாதி வழி வரை இழுத்துக்கொண்டுபோய், அங்கே நிறுத்தி, விசிறி மடிப்பாக மடித்து வைத்துக்கொள்ளும். வார இறுதியில் மலைப்பாதையில் சுற்றுலாக் கார்கள் ஜேம் ஆகி நிற்பதற்கும் எங்கள் ஆபீசில் தாள் ஜேம் ஆவதற்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். சாலைக்கு ஞாயிறு சாயங்காலம் விடிவு உண்டு.

நான் சும்மா இருக்கவில்லை. சிக்கிய தாளைப் பின்பக்கமாகப் பிய்த்து இழுக்கக்கூடாது, அது போகிற திசையிலேயே இரண்டு கையாலும் மெதுவாக எடுக்க வேண்டும் என்று பட்டுத் தெரிந்துகொண்டேன். தட்டில் தாளை இருபக்கமும் பிடிக்கும் பிளாஸ்டிக் தடுப்புகள் இறுக்கமாகவும் இருக்கக்கூடாது, தளர்வாகவும் இருக்கக்கூடாது. தட்டை விளிம்பு வரை நிரப்பக்கூடாது. தாள்கட்டை நான்கு முறை சீட்டுக்கட்டு போல விரலால் உதறிவிட்டு வைக்க வேண்டும். அதுவும் சரிப்படவில்லை என்றால் தாளைத் தலைகீழாகத் திருப்பி வைக்க வேண்டும். இவ்வளவும் செய்தால் ஒரு நாள் ஓடும்.

எனக்குக் காரணம் நன்றாகத் தெரிந்திருந்தது. குறைந்தபட்சம் அப்படித்தான் நினைத்தேன். ஈரம். இந்த மலையில் உப்பு தண்ணீராகிவிடும். அப்பளம் பொரித்துத் தட்டில் வைத்து, சோறு போடுவதற்குள் தொங்கிப்போகும். பீரோவில் மாட்டிய பெல்ட்டில் பச்சையாகப் பூஞ்சை பூக்கும். அதனால் எங்கள் தோட்டத்தில் எதற்கும் ஒரே மருந்து உண்டு. டிரையர் பக்கம் வச்சுடு. ஆலையில் தேயிலையைக் காயவைக்கும் பெரிய இயந்திரத்துக்குப் பின்னால், சுவரோரம் ஒரு மரத்தட்டு அடித்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் அங்கே போய்ப் பார்த்தால் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சப்பாத்து, யூனிபார்ம், மோர்மிளகாய், தண்ணீரில் விழுந்த கைப்பேசி, ஒரு முறை யாருடைய கல்யாண ஆல்பமோகூட, எல்லாம் வரிசையாகக் காய்ந்துகொண்டிருக்கும். யார் பொருளையும் யாரும் தொடமாட்டார்கள்.

பிரிண்டர் தாளையும் அங்கே வைக்கலாம் என்பது என் கண்டுபிடிப்பு. புதுக் கட்டு வந்ததும் மேலுறையைக் கிழித்துப் போட்டுவிட்டு, சூடு உள்ளே இறங்கட்டும் என்று திறந்தபடி அந்த மரத்தட்டில் அடுக்கச் சொன்னேன். வாரத்துக்கு இரண்டு கட்டு அங்கிருந்து ஆபீசுக்கு வரும். இந்த யோசனையில் எனக்கு அவ்வளவு பெருமை. பக்கத்துத் தோட்டத்துக் கிராணிக்குப் போன் போட்டு, நீங்களும் இப்படிச் செய்யுங்கள் என்று அறிவுரைகூடச் சொன்னேன்.

கட்டுகளை ஆலைக்கும் ஆபீசுக்கும் தூக்கியது ஆபீஸ் கூட்டும் அக்கா. என்னைவிட இரண்டு வயது மூத்தவர். முப்பது வருடம் மலையில் கொழுந்து எடுத்தவர். ஆறு வருடத்துக்கு முன்னால் கூடையோடு சரிவில் வழுக்கி விழுந்ததில் வலது முழங்கால் போய்விட்டது. அப்போதிருந்த துரை அவரை ஆபீசுக்கு மாற்றினார். கூட்டுவது, துடைப்பது, தேநீர் போடுவது, தபால் வாங்கி வருவது. சமதரையில் அவரால் நன்றாக நடக்க முடியும். ஏற்ற இறக்கம்தான் ஆகாது. புருஷன் இறந்துவிட்டார். மகள் கிள்ளானில் இன்னும் நான்கு பெண்களோடு ஓர் அறையில் வாடகைக்கு இருக்கிறாள். அக்காவுக்கு இருப்பது லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்று, அதுவும் தோட்டத்தில் பேர் இருக்கும்வரைதான். வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். ரிங்லெட் பக்கம் அரசாங்க மலிவு வீட்டுக்கு மனுப் போட்டிருந்தார். அது வரும்வரை ஆபீஸ் வேலையில் ஓட்டிவிடலாம் என்பதுதான் அவருடைய ஒரே கணக்கு. இது எனக்குத் தெரியாததில்லை. அந்த மனுவை எழுதிக் கொடுத்ததே நான்தான்.

அக்காவுக்கு ஒரு பழக்கம். காலையில் வந்ததும் ஆபீஸ் ஜன்னல்களை எல்லாம் திறந்துவிடுவார். எனக்கு அது பிடிக்காது. எட்டு மணிக்கு நான் வரும்போது மூக்கு சில்லென்று ஆகிவிடும். முணுமுணுப்பேன். அவர் சிரித்துக்கொண்டே சாத்துவார்.

அந்த நாள் வந்தது. தோட்டத்தைப் பரிசோதிக்க வெளியிலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு பிரதியாக நாற்பது பக்க அறிக்கை கொடுக்க வேண்டும். முதல் பிரதியின் பன்னிரண்டாம் பக்கத்தில் பெட்டி நின்றது. எடுத்தேன். பதினான்கில் மறுபடி நின்றது. மூடியைத் திறந்து மூடி, தட்டை இழுத்துத் தள்ளி, கடைசியில் வழக்கமான தட்டும் தட்டினேன். வந்தவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை, மரியாதைக்காரர்கள். ஆனால் என்னைப் பார்த்தார்கள். டோனர் கறை என் சட்டைக் கையில் ஏறியிருந்தது. துரை என் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்னா கிராணி, ஏன் எப்பவும் இப்படி ஆவுது?"

இருபத்தாறு வருட அனுபவஸ்தன் என்று சற்று முன்னால்தான் என்னை அவர்களுக்கு அறிமுகம் செய்துவைத்திருந்தார். தெரியவில்லை என்று சொல்ல என் நாக்கு எழவில்லை.

"அக்கா காலையில ஜன்னல தொறந்து போட்டுடுறாங்க துரை. பனி உள்ளாற வந்து பேப்பர்லாம் நமுத்துப் போவுது."

ஒரே வாக்கியம். யோசித்துச் சொன்னதில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்த ரகம்தான். ஆனால் அக்கா அப்போது தேநீர்த் தட்டோடு கதவருகே நின்றுகொண்டிருந்தார். அவர் வந்து கோப்பைகளை ஒவ்வொன்றாக எல்லார் முன்னாலும் வைத்தார். என் மேசையிலும் ஒன்று வைத்தார்.

அதோடு போய்விடும் என்று நினைத்தேன். மறுநாள் துரை என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதம் தயார் செய்யச் சொன்னார். கவனக்குறைவால் ஆபீஸ் பொருள்களுக்குச் சேதம் ஏற்படுத்தியதால், வரும் திங்கள் முதல் வெளி வேலைக்கு மாற்றப்படுகிறார் என்று மலாய் மொழியில் நான்கு வரி.

"துரை, அவங்களுக்குக் காலு சரியில்ல" என்றேன்.

"லைட்டான வேலையா குடுக்கச் சொல்லுவோம்லா. நீங்கதானே சொன்னீங்க, பேப்பர் எல்லாம் வீணாப் போவுதுன்னு."

நான்தானே சொன்னேன். அந்த இடத்தில் இன்னொரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். ஆனால் ஜன்னல்தான் காரணம் என்று அப்போது நானே பாதி நம்ப ஆரம்பித்திருந்தேன். கடிதத்தை டைப் அடித்தேன். அன்றைக்குப் பார்த்து அந்தப் பாவி மெஷின் முதல் தடவையிலேயே வழுக்கிக்கொண்டு தாளை இழுத்தது. அக்காவைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

"பெரட்டு இப்ப எத்தன மணிக்கு?" என்று மட்டும் கேட்டார். காலையில் ஆள் எண்ணி வேலை பிரித்துக் கொடுக்கும் நேரத்தைத்தான் பெரட்டு என்போம். ஆறு வருடமாக அவர் அதற்குப் போகவில்லை. ஆறரை என்றேன்.

வெளி வேலை ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் நல்ல மனிதர். முதல் வாரம் கீழ்ச்சாலை ஓரத்தில் புல் வெட்டும் வேலை கொடுத்தார். இரண்டாவது வாரம் மேல் காடு என்கிற உச்சித் தேயிலைச் சரிவில் ஆள் பற்றாமல் அங்கே அனுப்ப வேண்டியதாயிற்று. என் மேசையிலிருந்து பார்த்தால் அந்தச் சரிவு தெரியும். மத்தியானத்தில் எல்லாரும் தடதடவென்று படியில் இறங்கி வருவார்கள். கடைசியாக ஓர் ஆள் மட்டும் ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து, காலை நீட்டி, அடுத்த படிக்கு நகர்ந்து இறங்கும். நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது என்று காரணம் சொன்னேன்.

இதற்கிடையில் ஜன்னல்கள் எல்லாம் இறுக்கச் சாத்தியிருந்தன. ஒரு பொட்டுப் பனி உள்ளே வராது. ஆனால் பிரிண்டர் முன்னைவிட மோசமானது. நாளைக்கு ஒன்றிரண்டு முறை சிக்கியது போய், மணிக்கொருமுறை சிக்கியது. ஆலையிலிருந்து கட்டுகளை இப்போது நானே போய் எடுத்துவந்தேன். சுடச்சுடக் கொண்டுவந்து அப்படியே தட்டில் வைத்தேன். இதைவிடக் காய்ந்த தாள் இந்த மலையில் யாரிடம் இருக்கும் என்று கேட்டுக்கொண்டேன். ரப்பர் உருளையை ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன். துணியில் பழுப்பாக ஏதோ வந்தது. வயதான மெஷின், அழுக்கு இருக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது வாரம் பொறுக்க முடியாமல், டிரைவரோடு சேர்ந்து அந்தப் பெட்டியைத் தூக்கிக் காரின் பின்சீட்டில் வைத்துத் தானா ராத்தா டவுனுக்குக் கொண்டுபோனேன். பஸ் ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பாய் கடை வைத்திருக்கிறார். முன்னால் நோட்டுப் புத்தகம், பேனா. பின்னால் பழுதுபார்ப்பு. தட்டில் இருந்த தாளோடேயே கொண்டுவரச் சொல்லியிருந்தார். போனதும் மெஷினைத் தொடவில்லை. தாளை எடுத்து மூக்கில் வைத்தார்.

"என்னா கிராணி, இது பேப்பரா தேயிலையா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. உருளையைக் கழற்றி விளக்குக்குக் கீழே காட்டினார். ரப்பரின் வரிகளுக்குள் பழுப்புப் பஞ்சு அடைந்து, மேலே கண்ணாடி போல் பளபளப்பாக இருந்தது. தேயிலையைச் சலிக்கும்போது பறக்கும் பஞ்சு. ஆலையில் வேலை செய்கிறவர்களின் புருவத்தில் உட்கார்ந்திருக்குமே, அதே பஞ்சுதான். எனக்கு அது தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

"இத எங்க வச்சிருக்கீங்க?" என்றார் பாய், தாளைக் காட்டி.

"டிரையர் பக்கம்" என்றேன். "ஈரம் பிடிக்காம இருக்கட்டும்னு."

"பிரிச்சா?"

"பிரிச்சுத்தான். அப்பத்தானே சூடு உள்ள போவும்."

 பாய் என் கட்டைக் கண்ணாடி மேசையில் படுக்க வைத்தார். நான்கு ஓரமும் அப்பள விளிம்பு போல நெளிந்திருந்தது. நடுப்பகுதி மட்டும் தட்டையாக இருந்தது.

"வறுத்து எடுத்துட்டு வந்து கூதல்ல வச்சா, ஓரம் மட்டும் ஈரத்தக் குடிக்கும்லா. அப்புறம் நேரா எப்படிப் போவும்? மேல பஞ்சு வேற. உறையைப் பிரிக்காம ஆபீஸ்லயே வைங்க. வேணுங்கறப்ப பிரிங்க. அவ்வளவுதான். இது தானா கெட்டு ரோசாக் ஆன மெஷின் இல்ல, நீங்க ரோசாக் பண்ண மெஷின்."

கடையிலிருந்த புதுக்கட்டின் உறையைத் திருப்பிக் காட்டினார். அதில் சின்ன எழுத்தில் அதேதான் அச்சடித்திருந்தது. வருடக் கணக்காக அந்த அறிவுரையைத்தான் கிழித்துக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். செத்துப்போன வேறொரு மெஷினிலிருந்து உருளையையும், இரண்டு தாளைப் பிரிக்கும் சிறு ரப்பர் அட்டையையும் எடுத்து மாட்டினார். புதுத்தாளில் ஐம்பது பக்கம் ஓட்டினார். ஒன்றுகூட நிற்கவில்லை. ஐம்பதையும் நான் நின்றுகொண்டே பார்த்தேன்.

திரும்பும் வழியில் சாலையில் கார்கள் நின்றுவிட்டன. டிரைவர் ரேடியோவைப் போட்டார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று எங்கள் வீட்டில் அடிக்கடி சொல்வார்கள். அதில் பாவம் இருக்கிற இடமாக நாமே இருப்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதைவிட மோசமான ஒன்று மெதுவாகப் புரிந்தது. இந்த மெஷின் இப்போது ஒழுங்காக ஓடப்போகிறது. ஜன்னலைச் சாத்திய பிறகு ஓடுகிறது. அக்கா போன பிறகு ஓடுகிறது. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? நான் பழுதைச் சரிசெய்தால், அதுவே நான் சொன்ன பொய்க்குச் சாட்சியாக நிற்கும். ஆபீசுக்குப் போனதும், மெஷினை இறக்குவதற்கு முன்னால், நேராகத் துரையிடம் போய்விட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

மெஷினை இறக்கினேன். மின்கம்பியைச் சொருகினேன். பாயிடம் வாங்கிய கட்டைத் தட்டில் வைத்தேன். துரை அறையிலிருந்து எட்டிப் பார்த்து, இருபது பக்கம் வேண்டும் என்றார். இருபதும் ஒரே மூச்சில் வந்தன.

"பாத்தீங்களா" என்றார் துரை. "ஜன்னல் சாத்தினதும் எல்லாம் சரியாப் போச்சு."

"ஆமாங்க துரை" என்றேன்.

முதலில் சொன்னதை வாய் தவறியது என்று வைத்துக்கொள்ளலாம். இந்த 'ஆமா' அப்படி இல்லை. தெரிந்தே சொன்னது. என்னை நானே எவ்வளவோ விதத்தில் கெட்டிக்காரன் என்றும் முன்கோபி என்றும் நினைத்திருக்கிறேன். கோழை என்று நினைத்ததில்லை. அன்றைக்கு நினைத்தேன். நினைத்துவிட்டு நான்கு நாள் சும்மா இருந்தேன். ஆலைக்குப் போய் மரத்தட்டில் மிச்சமிருந்த கட்டுகளை மட்டும் யாரும் பார்க்காமல் எடுத்துவந்து பின்னறையில் போட்டேன்.

ஐந்தாம் நாள் மண்டோர் ஆபீசுக்கு வந்தார். வேலையை விட்டு விலகுவதற்கான பாரம், அதாவது படிவம், ஒன்று வேண்டும் என்றார்.

"யாருக்கு?"

"அக்காவுக்குத்தான். முட்டி வீங்கிப்போச்சு. ரெண்டு நாளா மேல ஏற முடியல. எழுதிக் குடுத்துட்டுப் போயிடுறேன்னு சொல்லுது. நான் சொல்லிப் பாத்துட்டேன், கேக்கல."

"வீடு?"

மண்டோர் கையை விரித்தார். "ஒரு மாசம் குடுப்பாங்க. மக வீட்டுக்குப் போறேங்குது. அங்க எங்க போயி படுக்கும்?"

பாரத்தை அச்சடித்தேன். சுருக்கமில்லாமல், கறையில்லாமல், நேராக வந்து விழுந்தது. மண்டோரை உட்காரச் சொல்லிவிட்டு, அந்தத் தாளோடேயே துரையின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். டிரையர், பஞ்சு, பாய், உறை, நான்கு நாள். முடித்ததும் துரை கேட்டார்.

"அப்ப அன்னிக்கு ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"ஆளுங்க முன்னாடி தெரியலன்னு சொல்ல வெக்கமாப் போச்சு துரை."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பேனாவை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார். அவர் முகத்திலும் ஏதோ ஓடியது. ஒரு வார்த்தை அக்காவிடமும் கேட்டிருக்கலாமே என்று நினைத்திருக்கலாம். எனக்குத் தெரியாது. "திங்கக்கிழமையிலருந்து ஆபீசுக்கு வரச் சொல்லுங்க" என்றார். "அந்த லெட்டர் பைல்லயே கெடக்கட்டும், யார் பாக்கப் போறா."

சாயங்காலம் லயத்துக்குப் போனேன். அக்கா வாசலில் ஸ்டூல் போட்டு, முழங்காலில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து எழுந்திருக்கப் போனார். வேண்டாம் என்றேன். நின்றபடியே சொன்னேன். ஜன்னல் காரணமில்லை அக்கா, நான் டிரையரில் வைத்ததுதான் காரணம், பஞ்சு ஒட்டியிருக்கிறது என்று.

"தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"பஞ்சு ஒட்டத்தானே செய்யும். நான் நாலு பக்கமும் துணியால தட்டிட்டுத்தான் கொண்டாருவேன். கொண்டாந்ததும் உடனே குடுக்க மாட்டேன். அலமாரியில ஒரு ராவு மூடி வச்சிருந்து, அடங்கினப்புறந்தான் உங்க மேசைக்கு வரும். சூடா வச்சா சுருண்டுக்குது, பாத்திருக்கேன்."

ஜன்னலைச் சாத்தியதும் மெஷின் ஏன் அதிகமாகச் சிக்கியது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. இத்தனை வருடம் என் கண்டுபிடிப்பு கொஞ்சமாவது ஓடியது அவர் கையால்தான்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே அக்கா."

"சொன்னேனே. ரெண்டு தடவ. நீங்க கம்ப்யூட்டரப் பாத்துக்கிட்டே, ஆவட்டும் ஆவட்டும்னீங்க."

எனக்கு ஞாபகமில்லை. அவர் பொய் சொல்கிறவர் இல்லை. எவ்வளவு யோசித்தாலும் அந்த இரண்டு தடவையும் எனக்கு நினைவுக்கு வரவில்லை, இன்றுவரை வரவில்லை. திங்கள்கிழமை ஆபீசுக்கு வந்துவிடுங்கள், துரை சொல்லிவிட்டார் என்றேன். அவர் எண்ணெய்க் கிண்ணத்தை மூடினார்.

"அந்த லெட்டரு?"

"அது பைல்ல கெடக்கும். யாரும் பாக்க மாட்டாங்க."

"நான் நாசம் பண்ணேன்னு ஒரு பேப்பர் அங்க கெடக்குது கிராணி. அது கெடக்கற ஆபீஸ நான் எப்படிக் கூட்டுறது?" சத்தம் உயரவில்லை. "அப்படித்தான் வரணும்னா நான் மக வீட்டுக்கே போயிடுறேன்."

வேலை போனால் வீடு போகும் என்று தெரிந்துதான் சொன்னார்.

திங்கள் காலை ஒரு கடிதம் அடித்துத் துரையின் கையெழுத்தோடு வைத்திருந்தேன். அக்கா வந்தார். வெளியாட்கள் உட்காரும் நாற்காலியில் உட்காரச் சொன்னேன். கடிதம் மலாயில் இருந்ததால் தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தேன். பின்னர் ஆராய்ந்ததில் தாள் சிக்கியதற்கு வேறு காரணம் இருப்பது தெரியவந்தது, எனவே முந்தைய கடிதம் ரத்து செய்யப்படுகிறது. ஆபீஸ் பாஷையில் அழகாகத்தான் வந்திருந்தது.

"என்னா காரணம்னு இல்லியே" என்றார் அக்கா.

"வேற காரணம்னு இருக்குதே."

"யாரு வச்சதுன்னு இல்லியே."

அவரை அங்கேயே உட்காரவைத்துவிட்டு மறுபடி டைப் அடித்தேன். இந்தத் தடவை துரையின் கையெழுத்துக்குக் கீழே என் பெயருக்கும் ஓர் இடம் விட்டேன். தாள் சத்தமில்லாமல் வந்தது. துரையிடம் கொண்டுபோனேன். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்து, கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன். திரும்பி வந்தபோது மண்டோரும் டிரைவரும் ஏதோ வேலையாக உள்ளே வந்து நின்றிருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று காத்திருந்தேன். அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். காத்திருப்பதில் அர்த்தமில்லை என்று புரிந்து, வாசித்தேன். தாளைத் திறந்தபடி டிரையர் அறையில் வைக்கச் சொன்னது ஆபீஸ் கிராணி. அதனால்தான் தாள் கெட்டது. அது தெரிந்த பிறகும் அவர் சொல்லாமல் இருந்தார். ஆபீஸ் கூட்டுபவர்மீது எந்தத் தவறும் இல்லை.

மண்டோர் தரையைப் பார்த்தார். கடிதத்தையும் பேனாவையும் அக்காவிடம் நீட்டினேன். அவர் பேனாவை மட்டும் வாங்கிக்கொண்டார்.

"அந்தக் கடைசி வரிய இன்னொரு தடவ படிங்க" என்றார்.

படித்தேன். அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.